என் வீட்டுக்காரரின் கறுப்பு உருண்டை

இப்போது படித்தவர்கள் மனச்சோர்வு என்கிறார்கள். எங்கள் பக்கம் அதற்குத் தனியாகப் பேர் கிடையாது. ஒருவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், "மாடு செத்தவனாட்டம் குந்தியிருக்கான்" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு மாடு நிஜமாகவே செத்துப்போயிருந்தது.

செவலைக் காளை. கன்றிலிருந்து அவர் வளர்த்தது. அவர் நாக்கைத் தட்டினால் போதும், தானே வந்து நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கும். என்னிடம் ஒரு பேச்சு என்றால் அதனிடம் ஒன்பது பேச்சு. எனக்கு அதன்மேல் வயிற்றெரிச்சல்தான். வெக்கை நோய் வந்து அது செத்தபோது அவர் அழவில்லை. மாட்டுக்கு அழுகிற ஆம்பிளை என்று ஊர் சிரிக்குமாம். அழாமல் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மழை பெய்தும் ராகி விதைக்கவில்லை.

பங்காளி ஒருவர் கடத்தூர் சந்தையிலிருந்து கொஞ்சம் அபின் வாங்கிவந்து, மிளகளவு உருட்டிக் கொடுத்தார். அப்போது அதற்கு லைசென்ஸ் கடையே உண்டு; அழுகிற பிள்ளைக்கு நாக்கில் தடவுகிறவர்களும் இருந்தார்கள். தின்ற அன்றைக்கே மனிதர் எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார். என் குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. இந்த மருந்தைக் கண்டுபிடித்தவன் நன்றாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாழ்த்தைச் சீக்கிரமே திரும்ப வாங்கிக்கொண்டேன். மிளகு சுண்டைக்காயாயிற்று. சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. முதலில் துக்கம் வந்ததால் அபின் தின்றார். பிறகு அபின் தின்னாவிட்டால் துக்கம் வந்தது. கேட்டால், "செவல போனதுல இருந்து மனசே செரியில்ல" என்பார். பாவம், செத்த மாட்டின் தலையில் எல்லாப் பழியும்.

பிறகு ஜில்லாவில் மதுவிலக்கு வந்து, கள்ளுக்கடையோடு அபின் கடையும் மூடியது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மைசூர்ச் சீமையிலிருந்து வரும் கன்னடக்காரப் புகையிலை வியாபாரி ஒருவர் புகையிலைக் கட்டுக்குள் அபின் வைத்துக் கொண்டுவந்து இவருக்கு விற்றது அப்போது எனக்குத் தெரியாது.

இதற்குள் செய்தி பாப்பாரப்பட்டியில் என் பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலிலேயே ஆரம்பித்தார்.

"காட்ட உழாமக் கரம்பா போட்டுட்டு கட்டில்ல கெடக்கறவங்கூட என்ன குடும்பம்? பொட்டியக் கட்டு பாப்பா. இனி நீ நம்ம வூட்லயே இரு."

எனக்குப் போக மனமில்லை. படுத்தே கிடந்தாலும் அவர் என் மனுஷன். "மொதல்ல சாப்புடுண்ணா" என்று சொல்லி, நெல்லுச்சோறு வடித்து, பழம்புளி கரைத்துப் பாகற்காய்க் குழம்பு வைத்தேன்.

அண்ணன் குழம்பை ரெண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். எனக்குச் சட்டியில் மிஞ்சவில்லை. சற்று நேரத்தில் அவர் முறைப்பெல்லாம் போய், என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, "மாப்ளே, நீ தங்கமான ஆளு" என்றார். பொட்டி கட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியே சாய்ந்து, பொழுது சாய்வதற்குள் குறட்டைவிட்டார். என் கைமணம்தான் என்று நான் பூரித்துப்போனேன்.

காலையில் இவர் அடுப்படிக்கு வந்து புளிப்பானையைத் துழாவினார்.

"புளி எடுத்தியா?"

"எடுக்காம குழம்பு எப்பிடி வெப்பாங்க?"

"எந்தப் பக்கத்துல எடுத்த?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உப்புப் போட்ட பழம்புளியும் அபினும் ஒரே கறுப்பு. போலீசுக்குப் பயந்து இவர் அபினைப் புளிக்குள் புதைத்திருக்கிறார். கசப்பு பாகற்காயின் கணக்கில் போய்விட்டது. என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

நான் திட்டி முடிக்குமுன் அண்ணன் எழுந்தார். பஞ்சாயத்தில் குரலாலேயே கூரையைப் பிய்க்கிறவர், கட்டில் ஓரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மூஞ்சி தொங்கிக் கிடந்தது.

"ஒண்ணும் புடிக்கல பாப்பா. பாடுபட்டு என்னத்தக் கண்டோம்?"

இவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தெனம் காலைல நானும் இப்பிடித்தான் இருக்கனா?"

"இதவிட மோசங்க."

"மச்சானுக்கு மாடு ஒண்ணும் சாவலியே."

அவரே பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தார். நல்ல புளி போயிற்றே என்று எனக்கு வருத்தம்தான்.

அதன்பிறகு அபின் இல்லாமல் இவர் பட்டது கொஞ்சமல்ல. வயிற்றுப்போக்கு, கை கால் குடைச்சல், ஊரில் உள்ள எல்லார்மேலும் கோபம். அண்ணன் தெளிந்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நம்பி, எங்களோடு தங்கித் தன் வண்டிமாடுகளை வைத்து எங்கள் காட்டை உழுதார். உண்மையைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. தனக்குப் பாகற்காய் ஆகாது என்று அதை அடியோடு விட்டுவிட்டார்.

இவருக்கு நடக்கிற தெம்பு வந்ததும் காட்டுக்கு வந்தார். நுகத்தடியைத் தூக்கிப் பிடித்துப் பழக்கத்தில் நாக்கைத் தட்டினார். அண்ணன் மாடு அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது, வரவில்லை. இன்னொரு தரம் தட்டினார். அப்புறம் உழவுச்சாலில் உட்கார்ந்து, ஊர் சிரிக்குமே என்றுகூடப் பாராமல், ஓவென்று அழுதார்.

அண்ணன் திகைத்துப்போனார். "செத்து மூணு வருசமாச்சே மாப்ளே, இப்ப என்ன?"

"அன்னிக்கே அழுதிருக்கோணும்ண்ணா. வுடு, நீ ஏர ஓட்டு" என்றேன்.

அண்ணன் ஓட்டினார். நானும் வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எனக்குப் பிடிக்காத மாடுதான், இருந்தாலும்.