கேள்விக்குள் வந்து நின்ற மரக்கறிக்கடை அக்கா

பிள்ளைகளே, நான் கார் ஓட்டும் தொழிலுக்குச் சோதனை எழுதியது உங்களுக்குத் தெரியும். முதல்முறை ஏன் தவறினேன் என்று சொன்னதில்லை.

அப்போது ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் சமையல் வேலை. நான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் நித்திரை. முன்பதிவு செய்தவர்களை ஏற்றும் கார் ஓட்டினால் வேலை நேரத்தை நானே வைத்துக்கொள்ளலாம், உங்களோடு இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். அதற்காகத்தான் அந்தச் சோதனை.

சட்டமெல்லாம் எனக்குப் பாடம். விழுத்தியது பெயர்கள்தான். ஒரு கேள்விக்குள் நாலு பிரெஞ்சுப் பெயர் வரும். ஓட்டுகிறவர், பதிவு செய்தவர், பயணம் போகிறவர், றோட்டில் நின்று கை காட்டுகிறவர். ஆணா பெண்ணா என்றே பிடிபடாது. கடைசி வரிக்கு வரும்போது முதல் வரியில் நின்றவர் யாரென்று மறந்துவிடும்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று யோசித்தேன். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? கடையையோ இருக்கும் ஊரையோ சேர்த்து மரக்கறிக்கடை அக்கா, பியர்ஃபித் மாமா என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயர்களை வெட்டிவிட்டு இவர்களைக் கேள்விக்குள் வைத்தேன். கேள்வி பளிச்சென்று விளங்கியது. விடைதான் பிழையாகிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் மூத்தவள் விடைப் புத்தகத்தோடு இருந்தாள். பதிவு செய்யாமல் மழையில் நின்று கை காட்டுகிறவரை ஏற்றலாமா? ஏற்றலாம் என்றேன். பிழை என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"அக்கா ரெண்டு பையோடை நனையிறா. பாத்துக்கொண்டு போறதோ?"

நாலு பேர் ஏறக்கூடிய காரில், மாமாவும் குடும்பமுமாக ஐந்து பேரை ஏற்றலாமா? அதற்கும் ஓம் என்றேன்.

"மாமாவின்ரை கடைக்குட்டியை றோட்டிலை விட்டிட்டுப் போகேலுமே?"

உங்கள் அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தா.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஸ்டியரிங் பிடிச்சால் பாஸ் பண்ண மாட்டியள். உங்கடை சாப்பாட்டுக்கடை முதலாளியைக் கேள்விக்குள்ளை சாரதியா இருத்துங்கோ. அந்த மனுசன் ஆருக்கும் இரங்குவாரோ?"

உண்மைதான். கடை பூட்டும் நேரம் வந்துவிட்டால் முதலாளி சொந்த மச்சானுக்கே கதவு திறக்கமாட்டார்.

சோதனை மண்டபத்தில், என் தலைக்குள் முதலாளி திறமாகக் கார் ஓடினார். அக்காவை மழையில் விட்டார். ஐந்தாவது ஆளை இறக்கினார். ஒரு கேள்வியில் மட்டும் மாட்டினோம். கண் தெரியாத ஒருவர் வழிகாட்டி நாயோடு நிற்கிறார், சாரதி மறுக்கலாமா? "நாயோ! காருக்கையோ!" என்று முதலாளி கத்துவது என் காதில் கேட்டது. மறுக்கக்கூடாது என்பது சட்டம். முதலாளியை இறக்கிவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்த மனிதரையும் நாயையும் ஏற்றிக்கொண்டேன்.

பாஸ். பிறகு கார் ஓடிக் காட்டும் சோதனையும் முடிந்தது. வேலையை விடுவதாகச் சொல்லப் போனபோது முதலாளி கேட்டார்.

"எப்பிடியடாப்பா பாஸ் பண்ணினனீ?"

"முக்கால்வாசி நீங்கள்தானண்ணை ஓடினது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன் கையால் பால் விடாத ஒரு பிளேன்ரீ போட்டுத் தந்தார்.

இப்போது ஏழு மணிக்குக் காரை நிற்பாட்டிவிடுகிறேன். மேசையில் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடக் கதையை ஒரே நேரத்தில் பிரெஞ்சில் சொல்கிறீர்கள். பாதிதான் விளங்குகிறது. பரவாயில்லை, திரும்பச் சொல்லுங்கள். எனக்கு நேரம் இருக்கிறது.