எடை மேடைக்கு வந்த யூனிக்ஸ்

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி ஏறி நின்றால் எடை கம்ப்யூட்டரில் விழும். சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை; மற்றதெல்லாம் என் கணவர். கம்ப்யூட்டர், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடுகிற பழசு. தினமும் காலையில் நான் தேதியைத் தட்டினால்தான் அதற்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியும்.

அது அடிக்கடி உறைந்து நிற்க ஆரம்பித்ததும், முகப்பேரில் இருக்கும் என் கொழுந்தனார் ஆபீஸில் கழித்த யூனிக்ஸ் மெஷின் ஒன்றைக் காரில் கொண்டுவந்தார். ஐ.டி.க்காரர்.

“இது நிக்கவே நிக்காதுண்ணே.”

“நிக்காதுன்னா, ஊட்டுக்குப் போறப்போ எப்பட்றா சாத்துறது?” என்றார் என் கணவர்.

திரை எரிந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து. பழையதும் அப்படித்தான். அதிலேயே அவருக்குப் பாதி மனசு விட்டுப்போனது. புதியது தானாகவே சரியான தேதியைக் காட்டியதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “நீ சொல்லலியே, அதுக்கு யாரு சொன்னது?”

வழக்கமாக வரும் எம்-சாண்ட் லாரியை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே எடை. கொழுந்தனார் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

“ஒரே எடைதான் காட்டும்னா இன்னாத்துக்குடா மாத்தணும்?”

“சரி, வேற எடை காட்டியிருந்தா?”

“அப்போ எப்பட்றா நம்புறது?”

கொழுந்தனார் என்னிடம் தண்ணீர் கேட்டார்.

லாரி டிரைவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “அண்ணாத்தே, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல குந்திகினு கீது. பேசி வெச்சுகினு சொல்லுதோ இன்னாவோ.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் என் கணவர் அன்றே புது மெஷினைப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்கு மாற்றி, ஒயரையும் அதுவரை நீட்டிவிட்டார். முடிவு தெரியும்வரை ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு சீட்டு. நான் இங்கே ஒன்று அடித்து, அங்கே ஓடி இன்னொன்று அடிப்பேன். வெளியே ஹாரன் அலறும். “அண்ணி, ரெண்டும் ஒரே ஒயர்லதான் வருது, எப்படி மாறும்?” என்று கொழுந்தனார் போனில் புலம்பினார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு ஒருநாள் செங்கல் லாரி ஒன்றுக்கு எடை மாறிவிட்டது. புதியதில் எழுபது கிலோ குறைவு. கணவர் இரண்டு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பேசி வெச்சுக்கல. இப்பத்தான் நம்பிக்கை வருது.”

“அது இல்லீங்க,” என்றேன். “நான் உள்ள போறதுக்குள்ள டிரைவர் எறங்கி டீ குடிக்கப் போயிட்டாரு.”

அவர் சாமான் அறைக்குப் போய் யூனிக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“டிரைவர் எறங்கினது கூடத் தெரிஞ்சிகீது பாரேன்.”

அதோடு முடிவாகிவிட்டது. மறுநாளே புதியது முன் மேசைக்கு வந்தது. நான் வாயே திறக்கவில்லை. எனக்கு நடை மிச்சம். வருகிற டிரைவர்களிடமெல்லாம் அதற்குக் கண் உண்டு என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார். ஒன்றிரண்டு பேர் தலையைச் சீவிக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள்.