பத்தாவது குழி

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் இருபது காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். இருபதுக்கும் சேர்த்து நான்கு கக்கூஸ், அதில் இரண்டுக்குக் கதவு கிடையாது. என் பின்வாசலிலிருந்து அங்கே போக நூற்று நாற்பத்தாறு அடி எடுத்து வைக்க வேண்டும், எல்லாம் இறக்கம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. போகும்போது மூன்று இடத்தில் நிற்பாள், வரும்போது ஐந்து இடத்தில்.

நான் பிறந்தது இந்தக் காம்பராவில்தான். படித்துவிட்டுக் கொழும்பில் வடிகால் வேலைக்குப் போனேன். முப்பத்து நான்கு வருடம் அந்த நகரத்தின் அடியில் ஓடியதை மேற்பார்வை பார்த்தேன். துறைமுகத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் செங்கல்லால் கட்டிய சாக்கடைகளில் இறங்கி நடந்திருக்கிறேன். அவற்றைப் புகழ்ந்து பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கப்பலில் வந்தவனுக்கும் கந்தோரில் உட்கார்ந்து எழுதியவனுக்கும் நோய் தொற்றக்கூடாது என்று கட்டியவை அவை. அந்தக் கப்பல்களுக்குத் தேயிலை அனுப்பிய இந்த மலைக்கு அவன் கொடுத்தது நான்கு கக்கூஸ். அவனுக்குப் பின் வந்தவர்கள் அதில் இரண்டு கதவைத் தொலைத்தார்கள்.

பென்ஷனோடு பலாங்கொடைக்கு மேலே இந்த லயத்துக்கே திரும்பி வந்து ஒன்பது வருடமாகிறது. போன வருடம் புதிய கக்கூஸ் கட்ட உத்தரவு வந்தது. பத்து, இரண்டு காம்பராவுக்கு ஒன்று. பத்தாவது என் வீட்டுக்குப் பின்னால், பதினோரு அடி எடுத்து வைத்தால் போதும். குழி வெட்டிய அன்று என் மனைவி ஒரு கதிரையைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் மழை. பத்துக் குழியும் நிறைந்தன. மழை விட்ட மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ஒன்பதில் தண்ணீர் அப்படியே நின்றது. பத்தாவது காய்ந்து கிடந்தது. அடியில் பாறை, பாறையில் என் கை நுழையும் அளவு வெடிப்பு. அதற்கு நேர் கீழே, சரிவில் முப்பத்தெட்டு அடியில் பீலி. மலையிலிருந்து வடியும் ஊற்றுக்குத் தகரக் குழாய் வைத்து நாங்கள் இருபது வீடும் குடிக்கப் பிடிக்கும் தண்ணீர் அது.

கக்கூஸ் கட்டும் கொந்தராத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்; என்னைத் தாத்தா என்பதை மட்டும் சிங்களத்தில் சீயா என்பார்.

"சீயா, ஒங்களுக்கு கக்கூஸ் வேணாமா?"

"வேணும். அந்தக் குழியில வேணாம்."

"எனக்கு அளந்து குடுத்தது பத்து எடம். வேற எடத்துல வெட்ட தோட்டத்து ஆபீஸ் கடுதாசி வேணும். கொண்டாங்க, நாளைக்கே வெட்றேன்."

தோட்டத்து மண்ணில் ஒரு முழம் தோண்டவும் ஆபீஸ் அனுமதி வேண்டும். ஐந்து கடிதம் எழுதினேன். தோட்டத்து ஆட்கணக்கான செக்ரோலில் பேர் இல்லாதவனின் கடிதத்தை அங்கே யார் பிரிக்கப்போகிறார்கள்? பக்கத்துக் காம்பராப் பெண்ணும் என்னோடு அந்தப் பத்தாவது கக்கூஸுக்குப் பங்காளி. வழி மறித்துக் கேட்டாள்.

"ஏன் தாத்தா, கொழும்புல கக்கூஸ் எண்ணுனது பத்தாதா? இங்க வந்தும் எண்ணணுமா?"

"பீலியில அசிங்கம் கலக்கும்மா."

"மண்ணு வடிகட்டிரும். நீங்க சும்மா இருந்தீங்கன்னா எல்லாம் நல்லாத்தான் நடக்கும்."

பேசிப் பயனில்லை. வடிகால் வேலையில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு தூள் போடுவோம். கையில் இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் விழுந்தால் கண்ணைக் குத்தும் பச்சை. கெடுதல் இல்லாதது. ஒரு சின்னப் போத்தல் என் பெட்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அதைக் குழியில் கொட்டி எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள் என்று நினைத்தேன். அது தப்பு; பீலிக்காவது ஒரு ஆளை அனுப்பியிருக்க வேண்டும்.

ஒன்பது ஐந்துக்குப் பீலியில் சத்தம் கேட்டது. ஏழு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். குழாயிலிருந்து பச்சையாகக் கொட்டியது. பக்கத்துக் காம்பராப் பெண்ணின் கையில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மூன்று, மூன்றும் பச்சை.

"கெழட்டு மனுசா! தண்ணியில வெசத்தக் கலந்துட்டியே!"

தாத்தா போய்விட்டது, வாங்க போங்க போய்விட்டது. நான் ஒரு கோப்பை பிடித்து எல்லோர் முன்னாலும் குடித்தேன்.

"வெசம்னா நான் இப்ப சாவேன். பாத்துக்கிட்டு நில்லுங்க."

"சாகுற வயசுதானே, அது கணக்குல வராது," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சிரித்தார்கள்.

"என் வீட்டுக் குழியில ஊத்துனது ரெண்டே முக்கா மணி நேரத்துல இங்க வந்திருச்சி. இந்தப் பச்ச வந்த வழியாத்தான் நாளைக்கு மத்ததும் வரும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. வாளியில் இருந்ததை ஒவ்வொருத்தியும் கீழே கொட்டினாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர் ஆளனுப்பிக் கொந்தராத்துக்காரரை வரவழைத்தார். அவர் பச்சையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹரி, சரிதான் சீயா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. அந்தக் குழிய மூடிர்றேன்."

"மூடிட்டு எங்க வெட்டுவீங்க?"

"கடுதாசி கெடச்சதா?"

கிடைக்கவில்லை. ஆபீஸில் கடுதாசி வாங்கித் தரச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். "பாப்போங்க," என்றார். அந்தச் சொல்லை அவரிடம் இதுவரை பதினான்கு தடவை கேட்டிருக்கிறேன். கதிரையில் இருந்தபடியே என் மனைவி குழியில் மண் விழுவதைப் பார்த்தாள்.

"ஒரு தடவையாச்சும் ஒங்க கணக்கு தப்பாப் போயிருக்கக் கூடாதாங்க?" என்றாள். எழுந்து கதிரையை உள்ளே இழுத்துப் போனாள்.

ஒன்பது கக்கூஸும் கட்டி முடிந்தன. கதவு, பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி, எங்கள் இரண்டு வீட்டைத் தவிர. பக்கத்துக் காம்பராப் பெண் அதே லயத்தில் கீழ்க்கோடியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுச் சாவியைப் போல் இன்னொன்று செய்து வாங்கிக்கொண்டாள். என் மனைவி இரண்டு வீட்டில் கேட்டாள். ஒரு வீட்டில் நான்கு நாள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள், "வேலைக்குப் போறப்ப சாவிய மடியிலயே கொண்டு போயிர்றோம்மா," என்றார்கள். இன்னொரு வீட்டில், "ஒங்க வீட்டய்யா வந்து கக்கூஸ சோதிச்சிப் பாத்துட்டுச் சொல்லட்டும்," என்றார்கள். பீலியில் இருபது வீட்டுக்காரரும் குடிக்கிறார்கள். இதுவரை ஒரு பிள்ளைக்கும் வயிற்றோட்டம் இல்லை. அதற்காக என் வாசலில் வந்து நின்றவர்கள் பூச்சியம்.

பழைய நாலு கக்கூஸுக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே புதிய ஒன்பதும் வரிசையாக நிற்கின்றன. சுற்றித்தான் போக வேண்டும். நேற்று அவளுக்குக் கை கொடுத்துக் கூட நடந்து எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று. கீழே போய்ச் சேர்ந்ததும், "எத்தனங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கையை உதறிவிட்டு, கிட்ட இருந்த கதவில்லாத கக்கூஸுக்குத் தனியாகவே நடந்து போனாள்.