கீறல் விழாத கருவி

கடலுக்குள் மூழ்கப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவளுக்கு நீச்சல் தெரியாது. போட்டில் காலை வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனாலும் யாருக்கு எந்த டைவ் கம்ப்யூட்டர் சரிப்படும் என்று அவள் சொன்னால் அது தப்பாது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது, எப்போது மேலே வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற மணிக்கட்டுக் கருவி அது.

வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான் அவள் பொறுமையைத் தின்றன. "அக்கா, இது நீலக் கலர்ல வருமா?" "போன் வந்தா இதுல தெரியுமா?" தண்ணீருக்கு அடியில் உனக்கு யாரப்பா போன் பண்ணப் போகிறார்கள் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொண்டு, "மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு இந்த நம்பரைப் படிங்க பாப்போம்" என்பாள். படிக்க முடியாவிட்டால் அது எத்தனை ஒசத்தியானதாக இருந்தாலும் அலமாரிக்குத் திரும்பிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொல்வாள். கடைசியில், "இன்னொண்ணும் வாங்கிக்குங்க. சாதாரணமானது போதும். ஆனா முதல் டைவ்லேருந்தே ரெண்டையும் சேர்த்துக் கட்டிக்கணும்" என்று முடிப்பாள்.

இப்படி அவள் பேச்சை ஊரெல்லாம் கேட்டது. வீட்டில் இருக்கிற மனுஷர் மட்டும் கேட்கவில்லை.

அவள் கணவர் அதே கடையில் வழிகாட்டி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு தினமும் கடலுக்கு அடியில் போய்வருகிறவர். கல்யாண நாளுக்கு அவளே பார்த்துப் பார்த்து ஓர் இரண்டாவது கருவியை அவருக்கு வாங்கிக் கொடுத்தாள். அதை அவர் பெட்டியோடு பையில் வைத்தார். பை போட்டில் இருக்கும், அவர் தண்ணீரில் இருப்பார். "ஆபத்துக்கு உதவுறதுக்கு வாங்கினதை ஆபத்தே அண்டாத இடத்துல வெச்சிருக்கீங்களே!" என்று அவள் கத்தாத வாரம் கிடையாது. "நாளைக்குக் கட்டிக்கிறேம்மா" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கத்துவதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் அந்தக் கடையில் வழிகாட்டியாக இருந்தவர், ஒருநாள் காலையில் இறங்கியபோது கருவி செத்துப்போனதால், மத்தியானம் இன்னொன்றைப் புதிதாகக் கட்டிக்கொண்டு இறங்கினார். கட்டியிருந்த நேரத்தை மட்டும்தான் கருவி அறியும். காலையில் அவர் உடம்பில் ஏறியிருந்த நைட்ரஜன் அதற்கு எப்படித் தெரியும்? தாராளமாக இரு என்று நேரம் காட்டியது, அவரும் இருந்தார். ஏறிய நைட்ரஜன் உடம்புக்குள் குமிழி கட்டி நரம்பை அடித்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கடைக்கு வந்து உட்காரும்போதெல்லாம் அவள் அந்தக் கம்பைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தாள்.

அன்றைக்குப் போட்டில் சிலிண்டர் அடுக்குகிறவர் லீவு. முதலாளி அவளைப் பார்த்து, "ஒருநாள்தானேம்மா" என்றார். அவள் வாந்தி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். முந்தின நாள் அவளிடம் இரண்டு கருவி வாங்கிய பல் டாக்டரும் அந்தப் போட்டில் வந்திருந்தார். சொன்னபடி இரண்டையும் கட்டியிருந்தார்.

முதல் டைவ் போனவர்கள் சீக்கிரமே மேலே வந்துவிட்டார்கள். அவள் கணவர் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே ஏறினார். திரை கறுப்பாக இருந்தது. "பாதியிலயே அணைஞ்சு போச்சு. அதான் எல்லாரையும் மெதுவா மேல கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

அதுவரை அவர் செய்தது சரி. பிறகு துண்டால் கையைத் துடைத்தார். பையைத் திறந்தார். பெட்டியை எடுத்தார்.

"அடுத்த டைவுக்கு இது இருக்குல்ல" என்று இரண்டாவது கருவியைக் கட்டிக்கொண்டார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடந்தவள் எழுந்து நின்றாள். "ஏங்க, அதுக்கு நீங்க காலைல கீழ போனதே தெரியாது."

"நான் அதிக ஆழம் போக மாட்டேம்மா. மனசுலயே கணக்கு வெச்சுக்கறேன்."

"இப்ப கம்பு ஊன்றவரும் இப்படித்தான் புதுசைக் கட்டிக்கிட்டு இறங்கினாரு! இன்னைக்கு நீங்க இறங்கக் கூடாது. இன்னொரு வழிகாட்டி இருக்காருல்ல, அவர் கூட்டிட்டுப் போகட்டும்."

"ஆளுங்க பாக்கறாங்க..."

"பாக்கட்டும். ஏங்க இதைக் காலைலயே கட்டல? இத்தனை நாளா ஏன் கட்டல? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் பல் டாக்டரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கடைசியில் குரலை இறக்கி, "நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது. பாறையில உரசிக் கீறல் விழுந்துட்டா என்ன பண்றது?" என்றார்.

இந்த மனுஷரைக் கொஞ்சுவதா, தூக்கிக் கடலில் போடுவதா? உயிருக்குப் பயந்து அவள் வாங்கிக் கொடுத்ததை, இவர் சாமான் கெட்டுவிடுமே என்று பயந்து பூட்டி வைத்திருக்கிறார்.

அவர் கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியை உருவினாள். அவர் கையைப் பிடித்துத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, அந்தப் புத்தம்புதுத் திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு இழுத்தாள்.

"விழுந்தாச்சு. இனிமே பயமில்லாம கட்டிக்குங்க."

"அடிப்பாவி!" என்றார். பல் டாக்டர் ஏதோ அவசர வேலை இருப்பதுபோலக் காலில் நீச்சல் துடுப்பை மாட்டத் தொடங்கினார். அவளுக்கு அழுகையும் வாந்தியும் ஒன்றாக வந்தன. மற்றவர்கள் இன்னொரு வழிகாட்டியோடு தண்ணீரில் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. போட்டின் ஓரத்தில் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பழைய கருவியை ரிப்பேர் பார்த்த பிறகு அவர் இரண்டையும் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார். கல்லாவுக்குப் பின்னால் அவள் ஒரு புது வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் பக்கத்தில் நின்ற கணவரின் கருவியில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, இது பாறையில பட்டதா?"

"பாறையா இருந்தா ஒதுங்கிப் போயிருப்பேங்க" என்றார் அவர்.