பஞ்சாலையின் தக்காளிப் பாத்தி

மலாயாவின் அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது, பஞ்சாலை என்பவளின் காய்கறிப் பாத்தி வெளியே மாட்டிக்கொண்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அதிலிருந்து உணவு போகுமாம். சிப்பாய்கள் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தார்கள். மம்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவள் அவள். தோட்டத் துரையின் பங்களாவுக்கு அலையாய் அலைந்து, வேலிக்குள்ளேயே பயிரிட ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினாள்.

சிரம்பான் விவசாய இலாகா அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர் அமிர்தலிங்கம் தக்காளி விதை கொண்டுவந்தார். "வாடல் நோய்க் கிருமியை நாத்தில குத்திச் சோதிச்சுப் பாத்தனான். இதுக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.

பிஞ்சு விடும் நேரத்தில் செடிகள் சாய்ந்தன. காலையில் நிமிர்ந்து நின்றவை, பச்சை மாறாமலே மத்தியானம் வெந்த கீரையாகத் தொங்கின. அமிர்தலிங்கம் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் அதிகம் ஊற்றிக் கெடுத்துவிட்டாள் என்று துரையிடம் சொல்லிப் போனார். துரை அந்த நிலத்தைத் தோட்டக் காவலுக்கு வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் கவாத்து பழக எடுத்துக்கொண்டார்.

பஞ்சாலை ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, லாரி ஏறி சிரம்பான் போய், அவர் மேசைமேல் போட்டாள்.

"நான் தண்ணி ஊத்துனத நீங்க கண்ணால பாத்தீங்களா, ஐயா?"

அவர் தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினார். வெட்டிலிருந்து வெள்ளை இழை நூலாக இறங்கியது. அது நோய்க்கிருமி. அதை எடுத்து வளர்த்தபோது கொழகொழவென்று பரவியது. சீசாவில் வைத்திருந்த பழைய கிருமியோ காய்ந்த புள்ளிகளாகக் கிடந்தது. ஒரே விதையின் நாற்றுகளில் இரண்டையும் குத்தினார். பஞ்சாலையின் செடியிலிருந்து வந்தது நாற்றைக் கொன்றது. பழையது ஒன்றும் செய்யவில்லை.

சீசா மாற்றிச் சீசா வளர்த்ததில் அந்தக் கிருமியின் பிறவிக் குணமே மாறிவிட்டிருந்தது. கொழகொழப்பை இழந்த வாரிசுகள் பெருகி, நோய் தரும் சக்தி போய்விட்டது. அந்தப் பல்லில்லாத கிருமியை வைத்துத்தான் அவர் விதையைச் சோதித்திருந்தார்.

லயத்துக்கு வந்து இதைச் சொன்னார்.

"அப்ப தப்பு என்மேல இல்ல."

"இல்லை."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? தொரைகிட்ட சொல்லுங்க."

"பிறகு நேரம் பாத்துச் சொல்லுறன்."

"இப்பவே. நானும் வரேன். தமிழ்லயும் சொல்லணும், ஆபீசு கிராணி ஐயா காதுலயும் விழட்டும்."

சொன்னார், முகம் சிவக்க. துரை கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே கல் பரப்பியாகிவிட்டது. கக்கூசுக்குப் பின்னால் வேறு இடம் காட்டினார். பஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே பயற்றங்காய் போட்டாள்.

அடுத்த வருஷம் அமிர்தலிங்கம் புது விதை கொண்டுவந்தார். அவள் கை நீட்டவில்லை.

"மொதல்ல உங்க வீட்டுல போட்டுப் பாருங்க."

போட்டார். பாதிக்கு மேல் வாடிப்போனதை அவரே வந்து சொன்னார். பஞ்சாலை சிரிக்கவில்லை.

"எங்கிட்ட குடுத்திருந்தா யாரு பேரு கெட்டிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.