குளியலறையில் முளைத்த கிண்ணங்கள்

எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் குளியலறையில் காளான் முளைத்தது. சுவிஸில், டீட்டிகோன் ஊரில், மூன்றாம் மாடியில். குளியல் தொட்டிக்குப் பின்னால், சுவரும் நிலமும் சேரும் ஈர மூலையில், பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக நின்றன. உண்மையைச் சொன்னால், எனக்கு அவை வடிவாகத்தான் தெரிந்தன. அம்மா அவற்றைக் கத்தியால் சுரண்டி, வினாகிரி ஊற்றித் தேய்த்தார். பத்து நாளில் மறுபடியும் வந்துவிட்டன.

அப்பா வீட்டு நிர்வாகத்துக்கு அறிவித்தார். நாங்கள் அதை ஃபெர்வால்டுங் என்றுதான் சொல்வோம்; தமிழில் சொன்னால் அதற்குரிய பயம் வராது. பதில் கடிதமாக வந்தது. பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை செய்த அப்பாவுக்கு வேலையிடத்தில் பேசுகிற டொச், அதாவது ஜெர்மன் மொழி, போதுமாக இருந்தது. கடித டொச் என் பொறுப்பு. அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சமைத்தாலும் குளித்தாலும் துணி காயப்போட்டாலும் நீராவி எழும், யன்னலைத் திறந்து வையுங்கள் என்று எல்லா வீடுகளுக்கும் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். நான் அதைச் சுருக்கினேன்.

"அம்மா அவிக்கிறதாலதானாம் வருது."

அம்மா அடுப்பில் இருந்த புட்டுப்பானையைத் திரும்பிப் பார்த்தார். அப்பா, "வீட்டைவிட்டு எழும்பச் சொன்னாங்கள் எண்டால் எங்க போறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் புட்டுப்பானை அலுமாரிக்குள் போனது. இடியப்பமும் நின்றது. பாணும் சம்பலும்தான் சாப்பாடு. அம்மா குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, யன்னலை அகலத் திறந்துவிட்டுச் சமைத்தார். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கு முன்னால் குளியலறைக்கு ஓடி, மூலையை வாளியால் மறைப்பார். நான் புட்டை நினைத்து மட்டும் கவலைப்பட்டேன்.

அந்த இலையுதிர்காலத்தில் ஆசிரியை வகுப்பில் ஒரு விசயம் சொன்னார். காட்டில் பொறுக்கிய காளானைத் தின்னுமுன், நஞ்சா இல்லையா என்று ஊரில் காளான் பார்க்கிறவரிடம் காட்டவேண்டுமாம். எனக்குத் தின்னும் எண்ணம் இல்லை, பெயர் தெரிந்தால் போதும். சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு கிண்ணத்தைச் சுவர்த் துண்டோடு பெயர்த்து, யோகட் டப்பாவில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன்.

எனக்கு முன்னால் கூடை கூடையாகக் காளானோடு ஆட்கள் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் தலை நரைத்த ஒரு பெண்மணி. எந்தக் காட்டில் எடுத்தாய் என்று கேட்டார். எங்கள் குளியலறையில் என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்தார், மணந்தார், விளிம்பை நுள்ளினார். அது மெழுகுபோல் உடைந்தது. கிண்ணக் காளான் வகை, தின்ன உதவாது என்றார். நான் அம்மா அவிப்பதைப் பற்றிச் சொன்னதும், இல்லை என்று தலையசைத்தார். வெறும் ஆவிக்கு இது முளைக்காது, சுவருக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது, அதைத் திருத்தும்வரை சுரண்டச் சுரண்ட வரும் என்றார். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார்.

பிறகு அப்பா அந்தத் தாளை அனுப்ப, ஆட்கள் வந்து சுவரை உடைத்துக் குழாயைத் திருத்தினார்கள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது நான் அந்தத் தாளோடு வீட்டுக்கு ஓடி வந்த நேரம்தான். அம்மா குளியலறையில் முழங்காலில் நின்று மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்துச் சொன்னேன். இந்த முறை ஒரு வரியும் விடவில்லை.

"அப்ப, நான் அவிச்சதால இல்லையோ?"

"இல்லையம்மா. பைப் ஒழுகுதாம்."

"வடிவா வாசிச்சனியோ?"

"ஓம்."

அம்மா தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெரிய மனுசி மாதிரி அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா. ஃபெர்வால்டுங்காரர் சும்மா உங்களில பழி போட்டிட்டினம்."

அம்மா என்னை இழுத்து அணைத்து, நீ இல்லாவிட்டால் எனக்கு ஆர் இதெல்லாம் வாசிச்சுச் சொல்லுறது என்று உச்சியில் கொஞ்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபெர்வால்டுங் எழுதிய கடிதத்தில் அம்மா என்ற சொல்லே இருக்கவில்லை, அதைச் சேர்த்தவள் நான்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.