சட்டையை மாற்றிய அக்கா

திருப்பூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் எனக்கு இது பதினோராவது வருடம். அங்கே அதிகம் விற்பது பள்ளிக்கூட கைடுகளும் தேர்வுப் புத்தகங்களும்தான். துப்பறியும் நாவல்களுக்கு இருந்தது ஒரே ஒரு தட்டு. அதை முதலாளி என் பொறுப்பில் விட்டிருந்தார்.

அந்தத் தட்டைத் தேடி ஞாயிறு காலைகளில் ஒருவர் வருவார். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவர். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதனால் நான் அவருக்கு அக்கா. படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் அடுத்ததை வாங்க மாட்டார்.

“டாக்டர்தான் கொலைகாரன்னு பாதியிலேயே தெரிஞ்சு போச்சுக்கா.”

“தெரிஞ்சா போதுங்களா? அந்த டாக்டருக்கு எதுக்கு அத்தன கோவம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே.”

இப்படி நாலு வருடம். எங்கள் வீட்டில் கதைப் புத்தகத்தைத் தொடுகிறவர்கள் யாருமில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கப் படித்தேன்.

ஒரு ஞாயிறு, அவர் சட்டையின் முழங்கைப் பக்கம் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டுவதாம். எனக்கு ஒன்று தோன்றியது.

“செத்தவன் சட்டையில இது இருந்தா எப்படீங்க? தையல் பிசகுன சட்டை, கம்பெனிய உட்டு வெளிய வராதது. அப்ப செத்ததுக்கப்பறம் யாரோ மாத்தி உட்டிருக்காங்க.”

அவர் கைதட்டிச் சிரித்தார். அதன் பிறகு பல வாரம் அந்தக் கதையை இருவருமாக வளர்த்தோம். ஒருநாள் கேட்டார்: “செத்தவருக்குச் சட்டை மாத்துறது லேசாக்கா?”

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என் தம்பி அவினாசி சாலையில் பைக் விபத்தில் போனவன். ரத்தம் தோய்ந்த சட்டையோடு அவனை அம்மா பார்க்கக் கூடாதென்று, ஆஸ்பத்திரியிலேயே நான் வேறு சட்டை மாற்றினேன். கை உள்ளே போகவில்லை. “சின்னப் புள்ளைக்கு மாட்டற மாதிரி, என் கைய உள்ள உட்டு, அவன் வெரலப் புடிச்சு வெளிய இழுத்தேனுங்க” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்காக வருந்துகிறார் என்று நம்பினேன்.

பிறகு வருவது குறைந்தது. ஷிப்மெண்ட் நெருக்கடி என்றார்.

போன வருடம் ஒரு பார்சலைப் பிரித்தபோது, மேலே இருந்த புது நாவலின் பின்னட்டையில் அவர் படம். முதலில் சந்தோஷம்தான் வந்தது. எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற குறை அதற்கப்புறம்தான். மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன். சிவப்பு ஸ்டிக்கர் வந்தது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். கடைசி அத்தியாயத்தில் இறந்தவனின் அக்கா வந்தாள். அவனுக்குச் சட்டை மாற்றினாள். சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி கையை உள்ளே விட்டு, விரலைப் பிடித்து இழுத்தாள். அவள்தான் கொலைகாரி.

நன்றிப் பக்கத்தில் எங்கள் முதலாளி பெயர் இருந்தது. அடுத்து, “கடை ஊழியர்களுக்கும்”.

அந்த வாரமே இனிப்புப் பெட்டியோடு வந்தார். முதலாளி உள்ளே போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

“ஏனுங்க, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“அக்கா, அந்த ஸ்டிக்கர் என் சட்டையில இருந்ததுதான? ரெண்டு பேரும் சேந்துதான பேசுனோம். எழுத்துல வந்தா அது வேறக்கா.”

“ஸ்டிக்கர நீங்களே வெச்சுக்குங்க. என் தம்பியக் கொன்னவளா என்னைய எழுதியிருக்கீங்களே.”

அவர் முகம் வெளுத்தது. “அது நீங்க இல்லக்கா. அடுத்த பதிப்புல ஒங்க பேரப் போட்டிருதேன்.”

“அந்தக் கதைக்குப் பக்கத்துலயா? வேண்டாங்க.”

இனிப்பை மேசையில் விட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

நாவல் நன்றாக விற்றது. முதலாளி அதை வாசலருகே அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். ஒரு நாள், கல்லூரிப் பெண் ஒருத்தி அதைக் கையில் எடுத்ததும் என் வாய் முந்திக்கொண்டது. “அக்காதான் கொலைகாரி.” அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, திகைப்புதான். புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு அவமானமாக இருந்தது. அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே.

மறுநாள் முதலாளியிடம் சொல்லி கைடு பக்கம் மாறிக்கொண்டேன். துப்பறியும் நாவல்களை இன்னும் படிக்கிறேன், வீட்டில், தனியாக. எப்போதாவது பழைய வாடிக்கையாளர் ஒருவர் தேடி வந்து, “இது எப்படீங்க?” என்று ஒரு புத்தகத்தை நீட்டுவார். சொல்வதற்கு நிறைய இருக்கும்.

“படிக்கலீங்க” என்கிறேன்.